அந்த ஒன்பதரை அங்குலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எழுபதுகளின் அமெரிக்கச் சொகுசுக் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த விஷயத்தைத் தமிழில் எழுத ஒருவர் முன்வந்ததே பெரிய சந்தோஷம். ஆனால், 1973இல் அரபு நாடுகள் போட்ட எண்ணெய்த் தடையோடு அந்தக் கார்களின் கதை முடிந்துவிட்டது என்று கட்டுரை முடிகிறது. மிச்சிகனில் 11 ஆண்டுகள் கார் உடல் வடிவமைப்புத் துறையில் வேலை பார்த்தவன் நான். என்னால் அதை ஏற்க முடியவில்லை.

தடை 1973 அக்டோபரில் வந்தது, 1974 மார்ச்சில் விலகியது. அதற்குப் பிறகு வந்த கார்களைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுக் காரான 1976 காடிலாக் டிவில் 230.7 அங்குல நீளம், அதாவது 19 அடிக்கும் மேல். ஃபோர்டு நிறுவனத்தின் சொகுசுக் காரான லிங்கன் கான்டினென்டல் மார்க் 5 வெளிவந்ததே 1977 மாடலாகத்தான். இரண்டே கதவுகள் உள்ள அந்தக் காரும் 230 அங்குலம். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்ற காலத்தில் அடுத்த கார்களின் வரைபடங்கள் ஏற்கெனவே முடிவாகியிருந்தன. தகடுகளை அழுத்தும் அச்சுகளுக்கு ஆகும் செலவும் காலமும் அப்படி. நினைத்த மாத்திரத்தில் காரைச் சுருக்கிவிட முடியாது.

அந்த நீளம் முழுவதையும் ஆடம்பர மோகம் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதும் சரியல்ல. 1973 மாடல்களிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் மோதினாலும் விளக்கு, எரிபொருள் அமைப்பு போன்றவை கெடக்கூடாது என்று அமெரிக்க மத்திய அரசு விதி போட்டது. அடுத்த ஆண்டு பின்பக்கத்துக்கும் அதே வேகம். மோதினால் உள்ளே போய்த் திரும்ப வரும் பம்பர் வேண்டும், அது உள்ளே போக இடமும் வேண்டும். அந்த இடைவெளியை மறைக்க, உடலின் நிறத்திலேயே பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்தினார்கள். டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதம் பழைய கார்கள் வரிசையாக வரும்போது நான் முதலில் பார்ப்பது அந்தத் துண்டுகளைத்தான். குரோமியம் அப்படியே பளபளக்கும். இவை மட்டும் வெடித்து, நொறுங்கி, சில கார்களில் காணாமலே போயிருக்கும்.

அப்புறம், ஓபரா ஜன்னல். லிங்கன் மார்க் 3 காரைத் தொடங்கும்போது ஃபோர்டு நிறுவன அதிகாரி லீ அயகோக்கா தன் வடிவமைப்பாளரிடம் சொன்னது பிரசித்தம்: ஃபோர்டின் தண்டர்பர்ட் காரின் முகத்தில் ரோல்ஸ் ராய்ஸ் கிரில்லை, அதாவது முன்பக்கக் கம்பிச் சட்டத்தை, வைக்கச் சொன்னார். அதன் வாரிசான மார்க் 4 இன்னும் கனமான கூரையோடு 1972இல் வந்தது. கூரையின் பின்தூண் அவ்வளவு அகலம். உள்ளே இருப்பவருக்குப் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. அந்தத் தூணில் துளைத்த சிறிய நீள்வட்டக் கண்ணாடிதான் ஓபரா ஜன்னல். முதல் ஆண்டு கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது, 1973இல் எல்லாக் கார்களுக்கும் வந்தது. பிறகு சாதாரணக் கார்கள் வரை அந்த மோகம் பரவியது. அதையும், கூரைமேல் தோல் போன்ற பிளாஸ்டிக் உறை ஒட்டிய வினைல் கூரையையும் கட்டுரை ஒரே வரியில் கேலி செய்து கடந்துவிட்டது. வினைலுக்கு அடியில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும் என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மார்க் 4இன் பக்கத் தோற்றத்தை ஒருமுறை நின்று பாருங்கள். முன்னால் நீண்ட பானெட், பின்னால் குட்டை டிக்கி, நடுவில் அந்தச் சின்னக் கண்ணாடி. எனக்கு அது இன்றும் அழகுதான்.

கட்டுரை தொடாமல் விட்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 1975இல் காடிலாக் செவில் வந்தது. 204 அங்குலம்தான், ஆனால் டிவிலைவிட விலை அதிகம். அதுவரை அமெரிக்காவில் அதிக நீளம் என்றால் அதிக விலை. அந்தக் கணக்கை இந்தக் கார் புரட்டிப்போட்டது. அடுத்து, 1977 டிவில். 221.2 அங்குலம். முந்தைய ஆண்டைவிட ஒன்பதரை அங்குலம் குறைவு, எடை ஏறத்தாழ 400 கிலோ குறைவு, என்ஜின் 8.2 லிட்டரிலிருந்து 7 லிட்டருக்கு வந்தது. உள்ளே உட்காருபவருக்கு மட்டும் இடம் சுருங்கவில்லை! வளைந்து பருத்த பக்கங்களை நேராக்கி, கூரையை நிமிர்த்தி, கண்ணாடிகளைப் பெரிதாக்கியே இதைச் சாதித்தார்கள். வாங்குபவர்கள் ஓடிவிடவில்லை, அந்த மாடல் ஆண்டில் காடிலாக் விற்பனை மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. 1958 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புக்குத் தலைமை வகித்த பில் மிட்செல் ஓய்வு பெற்றதும் அதே 1977இல். நீளமான கார்களை அவ்வளவு நேசித்த மனிதரின் காலத்திலேயே இந்த வேலை நடந்தது. ஒரு கட்டுரைக்கு இதைவிட நல்ல முடிவு வேறென்ன வேண்டும்?

லிங்கன் மட்டும் 1979 வரை சுருங்க மறுத்தது, அதன் மார்க் 5உம் நன்றாக விற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். ரசனை எல்லோருக்கும் ஒரே நாளில் மாறவில்லை.

ஒரு சிறு திருத்தமும் உண்டு. 1976 காடிலாக் எல்டொராடோவைக் ‘கடைசி அமெரிக்கக் கன்வெர்டிபிள்’ (கூரையை மடித்துத் திறக்கக்கூடிய கார்) என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படித்தான் அன்று விளம்பரம் செய்தார்கள். கடைசி 200 கார்களை வெள்ளை நிறத்தில் செய்து விற்றார்கள். ஆனால் 1982இல் கிரைஸ்லர் லெபாரன் கூரை திறந்து வந்தது, 1984இல் எல்டொராடோவே திரும்பி வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்தத் தொடரின் அடுத்த பகுதி வருமானால், 1976 டிவிலையும் 1977 டிவிலையும் பக்கவாட்டிலிருந்து, ஒரே அளவுகோலில், ஒன்றின் கீழ் ஒன்றாக ஒரே பக்கத்தில் அச்சிடுங்கள். பின்கதவு எங்கே முடிகிறது, டிக்கி எங்கே முடிகிறது என்று வாசகர்களே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்