பின்கட்டு அறையின் தாழ்ப்பாள்

அண்ணா,

நேரில் சொல்லத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பதால் உன் பெயரையோ நீ வைத்தியம் பார்த்துக்கொள்ளும் இடத்தையோ எழுதவில்லை.

புதுச்சேரியில் மனநல மறுவாழ்வு மாநாடு இரண்டு நாள். முதல் நாள் ஒருவர் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீவிபத்தைப் பற்றிப் பேசினார். 2001 ஆகஸ்ட் 6. தீப்பிடித்த கொட்டகையிலிருந்து ஓட முடியாமல், சங்கிலியோடு கிடந்தபடியே 28 பேர் செத்துப்போனார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் குறிப்பெடுத்தார்கள். என் காதில் 'தானே' புயல்தான் இரைந்தது.

2011 டிசம்பர் 30, விடியவில்லை. பின்கட்டில் ஓடு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. நீ கதவை இடிக்கவில்லை. "பாப்பா, மழை உள்ள வருது" என்றாய், கொடியில் துணி நனைகிறது என்று சொல்வதுபோல. சாவி அம்மாவின் சுருக்குப்பையில். சுருக்குப்பை எங்கே? செல்போன் வெளிச்சத்தில் அரிசிப் பானைக்குள்ளெல்லாம் கைவிட்டுத் துழாவினேன். கடைசியில் அம்மிக்குழவியால் அடித்துத்தான் பூட்டு உடைந்தது. பாயைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாய், நெற்றியில் ரத்தம். "பலாமரம் சாஞ்சிடுச்சு பாப்பா." அவ்வளவுதான் சொன்னாய்.

பூட்டியது அம்மா என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லி வந்தேன். பூட்டச் சொன்னது அம்மா. பூட்டியது நான்.

மூன்று முறை காணாமல் போனாய். மூன்றாம் முறை விழுப்புரம் ஸ்டேஷனில், காலில் செருப்பில்லாமல் கண்டுபிடித்தோம். அப்பா இல்லாத வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள் வேறு என்ன செய்திருக்க முடியும்? பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் கதவைப் பார்த்துவிட்டுக் காபியைத் தொடாமல் எழுந்து போனார்களே, அதைப் பற்றி நீ ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னிடம் கேட்டிருக்கிறாயா?

சங்கிலியால் கட்டக் கூடாது, தனிமையில் அடைக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். 'நாம் பூட்டியது அதற்கு ஆறு வருஷம் முன்னால்' என்று மனசு எனக்காக வாதாடுகிறது. ஆனால் தாழ்ப்பாள் இன்றைக்கும் வெளிப்பக்கம்தான் இருக்கிறது. பூட்டு இல்லாவிட்டாலும் அது உன் தலைமாட்டில்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள் குடும்பங்களைப் பற்றி நான் பேச வேண்டியிருந்தது. "ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்துப் புயலைச் சொன்னேன், பூட்டை விட்டுவிட்டேன். "அந்த அண்ணன் இப்ப எப்படிம்மா இருக்கார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா கேட்டார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறார்" என்றேன். காலை ஆறு மணிக்கே நர்சரிக்குப் போய் நீ பதியம் போடுவதைச் சொல்லவில்லை. விழுந்த பலாவின் இடத்தில் நீ வைத்த கன்று போன வருஷம் காய்த்ததைச் சொல்லவில்லை. வாயில் வந்தது மாத்திரை மட்டும். மன்னித்துக்கொள்.

நோய் அடங்குவது மட்டும் மீட்சி இல்லை, தன் காசு, தன் கதவு, தன் முடிவு எல்லாம் சேர்ந்ததுதான் என்று அங்கே பேசினோம். நானும் தலையாட்டினேன். உன் சம்பளம் என் கையில். தினம் நூறு ரூபாய் எண்ணிக் கொடுக்கிறேன். நீ கேட்டதில்லை என்பதால் நானும் யோசித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வருகிறார். தாழ்ப்பாளைக் கழற்றி உள்பக்கம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் உன் மேஜையில் இருக்கும். கூடவே ஒரு வெள்ளைத்தாள். உனக்கு முடியாமல் போகும் சமயத்தில் உன் சார்பில் யார் பேச வேண்டும் என்பதை நீயே எழுதிக் கையெழுத்துப் போடலாம், சட்டத்துக்கு அது போதும். என் பெயர்தான் இருக்கும் என்று இதுவரை நானாகவே நினைத்திருந்தேன். நர்சரிக்காரர் பெயரை எழுதினால் எனக்கு வலிக்கும், மறைக்கவில்லை. ஆனாலும் உனக்குத் தோன்றுகிற பெயரையே எழுது.

மேஜைமேல் இருக்கும் பேனா சரியாக எழுதவில்லை. ஷோகேஸில் புதுசு ஒன்று இருக்கிறது.

பாப்பா