எந்த ஊரில் குடித்தனம்?

கோபிச்செட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் விட்டு நடவு நடக்கிறது. உள்ளூரில் ஆள் ஏது, எல்லாம் வடநாட்டுப் பையன்கள்தான். நம்மூர்க்காரர்களைவிட வரிசை பிடித்து நடுகிறார்கள். உன் தென்னைக்கு வந்த வெள்ளை ஈ குறைந்ததா?

சரி, உன் பையன் விஷயம். இந்தோனேசியாவின் பாண்டுங் நகர மில்லில் கூட வேலை பார்க்கும் முஸ்லிம் பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்கிறான். அவன் தாத்தா, அதாவது அப்பாரு, தோப்பில் அவன் பங்கு போய்விடுமா என்கிறார். தங்கச்சி, நம் கல்யாணச் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரரை வைத்துச் சீர் செய்ய முடியுமா என்கிறாள். அவர்கள் எந்த ஊரில் குடித்தனம் பண்ணப் போகிறார்கள் என்று மட்டும் உங்கள் வீட்டில் யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை. பத்திர ஆபீஸ் வாசலிலேயே காலம் தள்ளியவன் சொல்கிறேன், முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

இந்தோனேசியாவில் 1974ஆம் வருஷத் திருமணச் சட்டப்படி, அவரவர் மத முறையில் நடந்தால்தான் கல்யாணம் செல்லும். முஸ்லிம்களுக்குப் பதிவு கே.யு.ஏ. என்ற சமய அலுவலகத்தில், மற்றவர்களுக்கு சிவில் பதிவு அலுவலகத்தில். ஆளுக்கொரு மதமாக இருந்தவர்கள் முன்பு கோர்ட் உத்தரவு வாங்கிப் பதிந்துகொண்டார்கள். அப்படி உத்தரவு போடக் கூடாது என்று 2023இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நீதிபதிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. ஆக, அங்கே கல்யாணம் என்றால், பெண் தன் மதத்திலேயே இருக்கும் பட்சத்தில் பையன் இஸ்லாத்துக்கு மாறித்தான் ஆக வேண்டும்.

மாறினால் வேலை நேராக நடக்கும். மாறியதற்குச் சான்று, கல்யாணத்துக்குத் தடையில்லை என்று ஜகார்த்தா இந்தியத் தூதரகத்தின் கடிதம், பாஸ்போர்ட், பிறப்புச் சான்று எல்லாம் கேட்பார்கள். இங்கிருந்து போகும் சான்றுகளுக்கு அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்று உண்மையானது என்று வெளிநாட்டுக்காக நம் அரசு தரும் அத்தாட்சி, வேண்டும். 2022 முதல் இந்தோனேசியாவும் அதை ஏற்பதால் அலைச்சல் குறைவு. நிக்காஹுக்குப் பெண்ணின் அப்பா வலீயாக, அதாவது பெண்ணின் பொறுப்பாளராக இருந்து பெண்ணைக் கொடுக்க வேண்டும், இரண்டு சாட்சி வேண்டும், மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹர் உண்டு. முடிந்ததும் புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று என்று இரண்டு குட்டிப் புத்தகம் தருவார்கள். நம்மூர் சர்டிபிகேட்டைவிட அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் தூதரகத்திலேயே கல்யாணத்தை முடிக்க முடியாதா என்று உன் மச்சான் கேட்டானாமே. 1969ஆம் வருஷ வெளிநாட்டுத் திருமணச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது, இருவரில் ஒருவர் இந்தியர் என்றால் போதும். ஆனால் அதன் 11வது பிரிவைப் படித்துப் பார். அந்த நாட்டுச் சட்டம் தடுக்கும் கல்யாணத்தை அதிகாரி மறுக்கலாம். மதம் மாறாமல் அந்த வழியில் போனால் கதவு அடைபடத்தான் வாய்ப்பு அதிகம்.

மாற மாட்டேன் என்றால் நம் ஊர்தான். 1954ஆம் வருஷத் தனித் திருமணச் சட்டத்துக்கு மதமும் தடையில்லை, பெண் வெளிநாட்டுக்காரி என்பதும் தடையில்லை. நோட்டீஸ் கொடுப்பதற்கு முன் இருவரில் ஒருவர் அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும். கொடுத்தபின் ஆட்சேபணைக்கு இன்னொரு 30 நாள். அப்புறம் மூன்று சாட்சியோடு கையெழுத்து. மில்லில் இரண்டு மாசம் லீவு தருவார்களா என்று இப்போதே கேட்கச் சொல். அந்த நோட்டீஸைப் பார்வைக்கு ஒட்டுவார்கள், அதனால் சொந்தக்காரர்கள், ஒறம்பரைக்கு நீயே முன்கூட்டிச் சொல்லிவிடு. ஆபீஸ் சுவரைப் பார்த்து அவர்கள் தெரிந்துகொண்டால் நல்லாவா இருக்கும்?

தங்கச்சியிடம் சொல், அருமைக்காரரை வைத்து, மாப்பிள்ளையின் சகோதரிக்கான இணைச்சீர் சடங்கு உட்பட எல்லாம் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அது மட்டும் சட்டப்படி கல்யாணம் ஆகாது. இந்து திருமணச் சட்டம் இருவரும் இந்துவாக இருந்தால்தான் பேசும்.

இனி அப்பாருவின் தோப்பு. பையன் மதம் மாறினாலும் அவன் பங்கு போகாது, 1850லேயே அதற்குச் சட்டம் வந்துவிட்டது. சிக்கல் உன் பேரன் பேத்தி தலைமுறைக்கு. மாறிய பிறகு பிறக்கும் பிள்ளைகள் இந்து உறவினர் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 26வது பிரிவு, சொத்து இறங்கும் சமயத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. அப்பாரு தன் பேரிலுள்ளதற்கு உயில் எழுதிவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. எழுதுவதற்கு நான் இருக்கிறேன், பீஸ் ஒரு குலை இளநீர். மாறாமல் தனித் திருமணச் சட்டத்தில் கட்டினால் அவன் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்துவிட்டதாகச் சட்டம் கருதும், பங்கு அப்படியே இருக்கும்.

பெண் வீட்டிலும் இந்தக் கவலை இருக்கும், அதை நீங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அங்கே வெளிநாட்டான் நிலத்துக்கு முழு உரிமை வைத்துக்கொள்ள முடியாது. கல்யாணத்துக்குப் பின் வாங்குவது இருவருக்கும் பொது என்பதால், தனிச் சொத்து ஒப்பந்தம் எழுதாவிட்டால் அந்தப் பெண்ணும் தன் சொந்த ஊரில் இடம் வாங்கத் திண்டாடுவாள்.

குடித்தனம் உன் ஊர் பொள்ளாச்சியில் என்றால் தனித் திருமணச் சட்டம்தான் என் யோசனை. பதிந்து இரண்டு வருஷம் ஆனால் அவள், வெளிநாட்டுக் குடியுரிமையோடு இங்கே நீண்ட காலம் தங்க உதவும் ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பாண்டுங்கில்தான் என்றால், இங்கே பதிந்த கலப்புக் கல்யாணத்தை அங்கே பதியப் போகும்போது இழுத்தடிப்பார்கள். அதற்காக மனசில்லாமல் மதம் மாறுவதும் சரியில்லை. அது பையன் முடிவு, நீயும் நானும் தள்ளக் கூடாது.

எதுவானாலும் நீயும் தங்கச்சியும் ஒருமுறை போய் அந்தப் பெண்ணின் அப்பாவைப் பார்த்துவிட்டு வாருங்கள். பாஸ்போர்ட் எடுக்கவில்லை என்றால் இந்த வாரமே மனுப் போடு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை