எங்கள் அம்மாவின் பக்கம் நின்றவர்களுக்கு நன்றி மடல்

பினாங்கு வாழ் அன்புடையீர், வணக்கம்.

வழிப்பறிக்காரர்களின் கத்திக்குத்துக்கு எங்கள் தம்பியைப் பறிகொடுத்த துயரத்தில் மட்டுமன்றி, அதன்பின் காவல் நிலையத்தில் எங்கள் குடும்பம் பட்ட அவமதிப்பிலும் எங்களோடு நின்ற உங்கள் அனைவருக்கும், கருமகிரியை முடிந்த நிலையில், வீட்டுக்கு மூத்தவள் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் அந்த நிலையத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

பிணவறையில் பிள்ளையை அடையாளம் காட்டிவிட்டு வந்த அம்மாவிடம் அங்கே கேட்கப்பட்ட முதல் கேள்வி, "உன் மகன் எந்தக் கேங்?" என்பதுதான். குத்துப்பட்டு இறந்தவன் இந்திய இளைஞன் என்றால் அவனும் குண்டர் கும்பலைச் சேர்ந்தவனாகத்தான் இருப்பான் என்ற முடிவோடு எங்களை விசாரித்தார்கள். அம்மா தமிழில் அழுதழுது சொன்னதை மலாயில் எழுதி, வாசித்துக் காட்டாமலேயே கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அந்த இடத்தில் பேசியவர் எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாயில் 'அத்தை'). அம்மாவின் கையைப் பிடித்தபடி, இவருக்குப் புரியாத எதிலும் இவர் கையெழுத்திட மாட்டார் என்று அதிகாரியிடம் அமைதியாகச் சொல்லி, தமிழ் தெரிந்த ஒருவர் வரும்வரை நகர மறுத்தார். வாக்குமூலத்தை, அதைத் தந்தவர் பேசிய மொழியிலேயே அவருக்கு வாசித்துக் காட்டி, திருத்தவும் வாய்ப்பளித்த பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கூறுவதைப் பிறகு வழக்கறிஞர் விளக்கியபோதுதான், மக்சிக் எவ்வளவு பெரிய உரிமையைக் காத்துக் கொடுத்தார் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அவருக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

கட்டணம் வாங்காமல் எங்களுக்காக உழைத்த அந்த வழக்கறிஞருக்கும் நன்றி. விசாரணை பற்றிக் கேட்கும்போதெல்லாம் விரட்டப்பட்ட எங்களுக்கு, அதே சட்டத்தின் 107ஏ பிரிவைக் காட்டிக் கடிதம் எழுதிக் கொடுத்தவர் அவர். அதன்படி, கொலை போன்ற கடுங்குற்றங்களில், புகார் கொடுத்து நான்கு வாரங்கள் கழிந்தபின் கேட்டால், இரண்டு வாரங்களுக்குள் விசாரணை நிலையைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் முறையிடலாம். கடிதம் போன பிறகு எங்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசினார்கள்.

2023 ஜூலை முதல் இயங்கும் சுயேச்சைக் காவல்துறை நடத்தை ஆணையத்திற்கான புகாரைத் தயாரிக்க உதவிய இளைஞர்களுக்கும் நன்றி. அந்த ஆணையத்தால் பரிந்துரைக்க மட்டுமே முடியும், தண்டிக்க முடியாது என்பது எங்களுக்கு வருத்தமே. 2005இல் காவல்துறையை ஆராய்ந்த அரச ஆணையம் கேட்டது இதைவிட வலுவான அமைப்பை. ஆயினும் நடந்தது பதிவாக வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தியது சரியே.

அதே நிலையத்தில், பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அம்மாவுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, அருகில் அமர்ந்து ஆறுதல் கூறிய இளம் பெண் காவலருக்கும் இம்மடலில் இடம் உண்டு. செய்தியைத் தம்பியின் பெயர் கெடாமல் வெளியிட்ட தமிழ் நாளிதழ் நிருபருக்கும், ஈமச்சடங்கை முன்னின்று நடத்திய கோயில் இளைஞர்களுக்கும் எங்கள் வணக்கம்.

அம்மா உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்ல விரும்புகிறார். உடல் சற்றுத் தேறியதும் அழைத்து வருகிறேன்.

நன்றியுடன்,
குடும்பத்தார் சார்பில் மூத்த மகள்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு