டனாகிலில் மனிதர்களும் இருக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எத்தியோப்பியாவின் டனாகில் பள்ளம் பற்றிச் சென்ற இதழில் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். எர்ட்டா அலே எரிமலை, டல்லோலின் மஞ்சள் படிவுகள், ஹடாரில் 1974-ல் கிடைத்த ஆதிமனித இன எலும்புக்கூடு 'லூசி' என எல்லாம் விரிவாக இருந்தன. அங்கே வாழும் அஃபார் மக்களுக்கு மட்டும் 'உள்ளூர்வாசிகள்' என்று ஒரே வரி. லூசியின் இனத்துக்கு 'அஃபாரென்சிஸ்' என்ற பெயரே அவர்கள் மண்ணை வைத்து வந்ததுதான்.

அவர்கள் பேசும் அஃபார், வடகிழக்கு ஆப்பிரிக்காவின் கூஷிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சோமாலிக்கும் ஒரோமோவுக்கும் உறவு, எரித்திரியாவின் சாஹோவுக்கு மிக நெருக்கம். எத்தியோப்பியாவில் மட்டும் 2007 கணக்கெடுப்பின்படி 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அஃபார்கள் இருந்தார்கள். மற்றவர்கள் எரித்திரியாவிலும் ஜிபூட்டியிலும். 1967 முதல் 1977 வரை ஜிபூட்டியின் பெயரிலேயே 'அஃபார்' இருந்தது. ஆனால் விடுதலைக்குப் பிறகும் அங்கே ஆட்சிமொழிகள் பிரெஞ்சும் அரபியும்தான். இது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

1970களில் டிமிஸ், ரெடோ என்ற இரு அஃபார் அறிஞர்கள் லத்தீன் எழுத்துகளைக் கொண்டு எழுத்துமுறை வகுத்தார்கள். நம் 'ட' போல நாக்கை மடித்துச் சொல்லும் ஓர் ஒலி அஃபாரில் உண்டு. அதற்கு 'எக்ஸ்' எழுத்தையே எடுத்துக்கொண்டார்கள். மேலே கீழே குறியிட வேண்டியதில்லை, சாதாரணத் தட்டச்சுப் பொறியே போதும். நல்ல யோசனை!

கட்டுரையில் அவசியம் வந்திருக்க வேண்டியது 'டாகு'. வழியில் இரண்டு அஃபார்கள் சந்தித்தால், நலம் விசாரித்துவிட்டு உட்கார்ந்து செய்தி பரிமாறுவார்கள். எங்கே மழை பெய்தது, எங்கே மேய்ச்சல் இருக்கிறது, எங்கே நோய், எங்கே சண்டை என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கேட்பார். நேரில் பார்த்ததா, பிறர் சொன்னதா என்பதும் முக்கியம். அப்புறம் இவர் தன் செய்தியைச் சொல்வார். கேட்டதை அடுத்தவரிடம் சேர்ப்பது கடமை, திரித்துச் சொல்வது பெரிய குற்றம். மழையைத் தேடி மந்தையோடு நடக்கும் மக்களுக்குத் தவறான ஒரு செய்தியால் ஆடும் ஒட்டகமும் செத்துப்போகும். இவ்வளவும் நடப்பது அவர்கள் மொழியில். பத்திரிகை நடத்தும் உங்களுக்கு இது கட்டாயம் பிடிக்கும்.

2020-ல் எத்தியோப்பிய அரசு அஃபாரையும் மத்திய அரசின் அலுவல் மொழிகளில் ஒன்றாக்கப்போவதாக அறிவித்தது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் பாடநூலும் ஆசிரியர்களும் இல்லாமல் அறிவிப்பால் மட்டும் மொழி வளராது. அதையும் எழுதுங்கள். டாகு பற்றித் தனிக் கட்டுரை ஒன்றும் வேண்டும். அந்தப் பயணிகளுக்கு வழிகாட்டும் அஃபார்களிடமே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகி, தஞ்சாவூர்