இரண்டரை வாட்டுக்கு வந்த பாடு

தாம்பரம்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள கலா,

எட்டு மாதமாக எழுதவில்லை. உன் மாமியார் காரியத்துக்கும் வரவில்லை. திட்டுவதையெல்லாம் நேரில் திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். இவருக்குச் சர்க்கரை ஏறி இறங்கியிருக்கிறது, அல்வாவை மட்டும் இன்னும் விடவில்லை. ராகவ் பெங்களூரில்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மன்னார்குடிப் பக்கம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தைக்கு 84 ஆகிறது. அப்பா போன அன்று அவள் வைத்த ஒப்பாரி உனக்கு மறந்திருக்காது, என் பக்கத்தில் நீதானே உட்கார்ந்திருந்தாய். அதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாக வாயால் சொல்லிக்கொண்டே இருந்தேன். இந்தத் தடவை ராகவிடம் கெஞ்சி அவனுடைய கண்டென்சர் மைக்கையும், அதை டேப்லெட்டோடு இணைக்கிற சவுண்டு கார்டு என்ற சின்னப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு, என் டேப்லெட்டோடு கிளம்பிவிட்டேன். லேப்டாப் தூக்க இந்த முதுகு ஒத்துக்கொள்ளாது.

ரயிலிலேயே முதல் அடி. ராத்திரி 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை சார்ஜிங் பாயிண்டில் கரண்ட் கிடையாதாம். தீ விபத்துக்குப் பயந்து வைத்த விதி, நல்ல விதிதான். எனக்குத்தான் தெரியாது. விடிய விடியச் சார்ஜ் ஏறும் என்று சொருகிவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் 58 சதவீதம்.

அடுத்த அடி அத்தையிடமிருந்து. "வெளக்கு வெக்கிற வீட்டுக்குள்ள ஒப்பாரியா? இப்ப யாருடி செத்துட்டா?" என்றாள். கொல்லையில் வேப்பமரத்தடி என்றால் பாடுகிறேன் என்றாள். வேப்பமரத்தில் பிளக் பாயிண்டுக்கு எங்கே போவது?

சிரிக்காதே. அந்தக் காலத்தில் உன்னுடைய 1500 வாட் வெந்நீர் ராடால் நம் விடுதி இருட்டில் கிடந்தது நியாயம். இந்தச் சவுண்டு கார்டு கேட்பது 5 வோல்ட், அரை ஆம்பியர். அதாவது இரண்டரை வாட். கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும் என்பதால் அந்த 5 வோல்ட்டையே பெட்டிக்குள் ஏற்றித்தான் கொடுக்கிறது. அத்தனையும் டேப்லெட்டின் வயிற்றிலிருந்து போக வேண்டும். அதன் பேட்டரி முழுசாக இருந்தால் சுமார் 30 வாட்-மணி. திரைக்கும் மற்றதுக்கும் நாலைந்து வாட் போய்விடும். மைக்கையும் சேர்த்து 7 என்று வைத்துக்கொள். 58 சதவீதத்துக்கு இரண்டரை மணி நேரம் வரும். தாராளம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மைக்கைச் சொருகிவிட்டால், பாடினாலும் பாடாவிட்டாலும் அது தின்றுகொண்டே இருக்கிறது. அத்தை வெற்றிலை போட்டு, பெரிய மருமகள் புராணம் பாடி முடித்து, தொண்டையைச் செருமியபோது பேட்டரி சிவப்புக்கு வந்துவிட்டது. புராணம் மட்டும் பிரமாதமாகப் பதிவாகியிருக்கிறது, வந்தால் போட்டுக் காட்டுகிறேன்.

மறுநாள் புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். டேப்லெட்டில் இருப்பது ஒரே ஓட்டை. சார்ஜர் சொருகினால் மைக் இல்லை, மைக் சொருகினால் சார்ஜர் இல்லை. அதனால் மன்னார்குடி கடைத்தெருவில் ஒரு ஹப் வாங்கினேன், சார்ஜருக்கென்று தனி வாய் வைத்தது. அடுப்படியிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்து, துவைக்கிற கல்லைச் சுற்றி, மரத்தடிக்குக் கொண்டுபோனேன். மைக்கும் ஓடுகிறது, சார்ஜும் ஏறுகிறது. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அத்தை ஆரம்பித்தாள். மாரில் கை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, "பொறந்தவனே" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். கலா, எனக்கு அந்தக் கொல்லையே மறந்துபோனது. சின்ன வயதில் அப்பா அவளை மாட்டுவண்டியில் ஏற்றி மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாராம். அது எனக்குத் தெரியவே தெரியாது. அவ்வளவையும் ராகத்திலேயே சொல்லி அழுதாள்.

நடுவில் கரண்ட் போயிருக்கிறது. பட்டப்பகலில், மரத்தடியில், யாருக்குத் தெரியும்? சார்ஜர் நின்ற நொடியில் ஹப் ஒருமுறை செத்துப் பிழைத்திருக்கிறது. டேப்லெட் தன் பேட்டரியிலிருந்து கொடுக்க ஆரம்பிப்பதற்குள் மைக் கழன்றுவிட்டதாக எடுத்துக்கொண்டு, பதிவு தன் சொந்த மைக்குக்குத் தாவிவிட்டது. நிமிஷம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நான் பார்த்ததெல்லாம் அதை மட்டும்தான். ராத்திரி போட்டுக் கேட்டால், கடைசி 11 நிமிஷம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. அத்தை எங்கேயோ, காக்கை பக்கத்தில், நான் மூக்கை உறிஞ்சுவது எல்லாவற்றுக்கும் மேலே.

இன்னொரு தடவை பாடு என்று எப்படியடி கேட்பது? கேட்டேன். "ஒரு சாவுக்கு ஒரு தடவைதான். ஒனக்காக ரெண்டாவது தடவை அழுதாச்சு, போ" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தவிடு கலக்கப் போய்விட்டாள்.

போனில் ராகவ் தலையில் அடித்துக்கொண்டான். அவன் சொன்னதை உனக்கும் சொல்கிறேன், நீயும் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டுதானே மகளிடம் போகப்போகிறாய். ஹப்புக்குச் சுவரிலிருந்து கொடுக்காதே, பவர் பேங்க்கிலிருந்து கொடு. ஊரில் கரண்ட் போனாலும் அதற்குத் தெரியாது. மூன்றாம் நாள் அப்படித்தான் நடவுப் பாட்டும் தாலாட்டும் எடுத்தேன், இரண்டு மணி நேரம், ஒரு தடங்கல் இல்லை. அப்புறம், பழைய ஹார்டு டிஸ்க் எதையும் டேப்லெட்டில் மாட்டாதே. உள்ளே தட்டு சுழல ஆரம்பிக்கும்போது அது இழுக்கிற இழுப்புக்கு டேப்லெட் ஈடுகொடுக்காது. என்னுடையது டிக் டிக் என்று பல்லி மாதிரி சொல்லிவிட்டு அடங்கிவிட்டது. பென் டிரைவ் போதும்.

விமானத்துக்குப் பவர் பேங்க்கைக் கைப்பையில் வை. செக்-இன் பெட்டிக்குள் போட்டாயானால் உன் பெயரைக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள், உன் ஊறுகாய் பாட்டில்களை ஊரே பார்க்கும். 100 வாட்-மணி வரை கேள்வியில்லை. 20000 mAh என்று போட்டிருப்பது 74 வாட்-மணிதான் வரும்.

அந்த 11 நிமிஷத்தை ராகவ் ஏதோ சாஃப்ட்வேரில் போட்டுச் சுத்தம் செய்து அனுப்பினான். காக்கை போய்விட்டது, அத்தையின் மூச்சும் சேர்ந்து போய்விட்டது. அதை அழித்துவிட்டுக் காக்கையோடு இருப்பதையே வைத்துக்கொண்டேன்.

தை பிறந்ததும் மறுபடி போகிறேன். "அந்தக் கண்ணாடிக்காரி வல்லியா" என்று அத்தை இரண்டு தடவை கேட்டாள். வா. ராடை மட்டும் எடுத்துக்கொண்டு வராதே.

உன்
வசந்தா