கிருமிகள் கைமாற்றிக்கொள்ளும் மருந்து எதிர்ப்புத்தன்மை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆன்டிபயாடிக் மருந்துகள் பலனிழந்து வருவது பற்றிய உங்கள் கட்டுரை அவசியமானது. ஆனால் மருந்துக்குத் தப்பிய கிருமி பெருகுகிறது என்பதோடு அது நின்றுவிட்டது. மருந்து எதிர்ப்புத்தன்மை பரவ அதைவிட வேகமான வழி ஒன்று உண்டு. அதை வாசகர்கள் கட்டாயம் அறிய வேண்டும்.

1950களில் ஜப்பானில் சீதபேதி நோயாளிகளிடம் ஷிகெல்லா கிருமி சல்ஃபா, ஸ்ட்ரெப்டோமைசின், குளோராம்பெனிகால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்கு மருந்துகளுக்கும் ஒருசேர அசையாமல் நின்றது. ஒரே ஒரு மருந்து கொடுக்கப்பட்டவர்களிடமும் இப்படிப்பட்ட கிருமி வெளிப்பட்டது! ஒரு செல்லில் தற்செயலாக நான்கு மரபணு மாற்றங்கள் ஒன்றாக நிகழ்வது நடக்கக்கூடியதே அல்ல. ஜப்பானிய ஆய்வாளர்கள் அக்கிபாவும் ஒச்சியாயும் 1959இல் விடையைக் காட்டினார்கள்: குடலில் சாதாரணமாக வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து ஷிகெல்லாவுக்கு அந்த எதிர்ப்புத்தன்மை மொத்தமாகக் கைமாறியிருந்தது.

பாடப்புத்தகத்தில் 'இணைவு' என்று படிப்பது இதைத்தான். ஈ.கோலையில் விஞ்ஞானிகள் லெடர்பர்க்கும் டேட்டமும் 1946இலேயே கண்டது. கொடுக்கும் பாக்டீரியா பைலஸ் என்ற மெல்லிய இழையை நீட்டி அடுத்ததைத் தொட்டு இழுக்கிறது. எதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ வளையத்தின் இரு இழைகளில் ஒன்று அந்த அடுத்த பாக்டீரியாவுக்குள் போகிறது. இரு பக்கமும் மறு இழை புதிதாக உருவாகிவிடுவதால் கொடுத்ததற்கு எந்தக் குறையும் இல்லை. வாங்கியதோ அடுத்ததற்குக் கொடுக்கத் தயாராகிவிடுகிறது. ஒரே இனமாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

அதனால்தான் வைரஸ் சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் எனக்குக் கவலை தருகிறது. குடலில் மற்ற பாக்டீரியாக்கள் மடிய, பிளாஸ்மிட் வைத்திருப்பவை பெருகுகின்றன. இன்று அவை நோய் தராமல் இருக்கலாம். நாளை வரும் நோய்க்கிருமிக்கு அவை கொடுத்துவிடும்.

பண்ணைகளும் இதற்கு விலக்கல்ல. கடைசிக் கையிருப்பாக மருத்துவர்கள் வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 மரபணு, பிளாஸ்மிட்டில் ஏறிப் பயணிப்பதாக 2015இல் சீனாவிலிருந்து தெரிய வந்தது. பன்றிகளிடமும் நோயாளிகளிடமும் அது இருந்தது. 2019இல் இந்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கு கொலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது சரியான முடிவு. கோழிப் பண்ணைகளிலும் மீன், இறால் வளர்ப்பிலும் வேறு எந்தெந்த ஆன்டிபயாடிக்குகள் எவ்வளவு பயன்படுகின்றன என்பதை உங்கள் செய்தியாளர்கள் நேரில் விசாரித்து எழுத வேண்டும்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
கும்பகோணம்