பின்சக்கரத்துக்கு எந்தக் கம்பி, எந்தக் கோப்பு

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டைகளுடன் நெடும்பயணம் போவதற்கான சைக்கிள் சக்கரங்களை நீயே கம்பி கோத்துச் செய்யப் போகிறாய் என்பதில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால், கம்பிகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து வெளிவளையமான ரிம்முக்கு நேராகச் செல்லும் கோப்பை நீ விரும்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மிதிக்கும்போதும் டிஸ்க் பிரேக் பிடிக்கும்போதும் ஹப்புக்கும் ரிம்முக்கும் இடையே எழும் முறுக்குவிசையை, ஹப்பின் விளிம்பை ஒட்டிச் சாய்ந்து புறப்படும் கம்பிகளே தாங்கும். ஆங்கிலேயச் சைக்கிள் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874இலேயே அத்தகைய கோப்புக்குக் காப்புரிமை பெற்றார். நேர்க்கோப்பிலோ கம்பிகள் ஹப்பின் துளைகளை வெளிநோக்கி இழுப்பதால் விளிம்பு வெடிக்கவும் கூடும். ஆகவே, ஒவ்வொரு கம்பியும் மற்ற மூன்றைக் குறுக்கிடும் கோப்பையே இரு சக்கரங்களுக்கும் வைத்துக்கொள். முன்னால் 32, பின்னால் 36 கம்பிகள் போதும். நம் ஊர்க் கறுப்புச் சைக்கிள்களில் முன்னால் 32, பின்னால் 40 கம்பிகள் வைத்தவர்கள், பாரம் எங்கே விழுகிறது என்பதை நன்றாக அறிந்தவர்கள்.

கனத்த கம்பிதான் உறுதி என்று கடையில் சொன்னார்களாம், அதை நம்பாதே. சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் தரைக்கு நேராக வரும் கம்பிகள் தளர்ந்து, அதைக் கடந்ததும் மீண்டும் இறுகுகின்றன. இந்த ஓயாத மாற்றத்தால்தான், ஹப்பின் துளையில் வளைந்து நிற்கும் கழுத்தில் கம்பி நாளடைவில் முறிகிறது. இரு முனைகளில் 2 மி.மீ., நடுவில் 1.8 மி.மீ. தடிமன் உள்ள கம்பி, இறுக்கும்போது சற்றுக் கூடுதலாக நீள்வதால், பாரம் ஏறும்போதும் முழுவதும் தொய்ந்துவிடாது. பின்சக்கரத்தில் பல்சக்கரங்களுக்கு இடம் விட்டு ரிம்மை நடுவில் நிறுத்துவதால், இடப்பக்கக் கம்பிகளின் இறுக்கம் எப்போதும் வலப்பக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தப் பக்கத்துக்கு இன்னும் மெலிந்த கம்பியைப் போடலாம் என்பது என் துணிபு. கம்பியை ரிம்மில் பிடித்து இறுக்கும் சிறு திருகான நிப்பிள் பித்தளையிலேயே இருக்கட்டும். அலுமினியத்தில் மிச்சமாகும் எடை அற்பம், அது அரித்துப் போனால் வழியில் கம்பிகளைத் திருகிச் சக்கரத்தின் கோட்டம் எடுக்க இயலாது.

கோத்து முடித்ததும், இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பிழி. கழுத்துகள் துளைகளில் படிந்த பின் மறுபடி கோட்டம் பார்த்து, ஒரே பக்கக் கம்பிகளின் இறுக்கத்தைச் சமப்படுத்து. உயர்ந்த ஹப்புக்குச் செலவழிக்க எண்ணிய பணத்தில் ஒரு பகுதியை இறுக்கமானிக்கு ஒதுக்கினால் நல்லது.

ரிம் வந்ததும், எதிரெதிர்த் துளைகளில் நிப்பிள்களைச் செருகி, கம்பி முனை எட்ட வேண்டிய இடங்களுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து எழுது. ஹப் விளிம்பில் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தையும், ஹப்பின் நடுவிலிருந்து இரு விளிம்புகளின் தூரத்தையும் சேர்த்து அனுப்பு. கம்பியின் நீளத்தைக் கணக்கிட்டு எழுதுகிறேன். அதுவரை கம்பி வாங்காதே.

அன்புடன்,
ராமலிங்கம்